இல்லத்துக் கணினியும் இரண்டு இயங்குதளங்களும்

வீட்டில் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று, யாதொரு பழுதும் நேராமலேயே, ஒரு குறித்த நாளில் பழையதாகிவிடக் கூடுமோ? கூடும். 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளுக்கு அந்நிலை நேர்ந்தது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் பத்தாண்டுகளாக வழங்கிவந்த பொதுவான ஆதரவு அன்றோடு முடிவுற்றது. வேண்டுவோர் பதிவுசெய்துகொண்டு மேலும் ஓராண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. எனினும், அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை உழைத்தது, வன்தட்டு சுழன்றது. ஆயினும், 'இனி இக்கணினியை என்செய்வது?' என்னும் வினா பல இல்லங்களில் எழுந்தது.

புதிய கணினி ஒன்றை வாங்குவதா? அன்றி, லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளத்தைப் பழைய கணினியிலேயே அமைத்துக்கொள்வதா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இவ்விரண்டின் இயல்பையும் வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

இயங்குதளம் என்பது யாது? திருமண வீட்டுச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். அடுப்புகள் நான்கு, ஆக்க வேண்டிய பண்டங்களோ பத்து. எந்த அடுப்பை யாருக்கு அளிப்பது, எந்தப் பாத்திரத்தை எப்பொழுது எடுப்பது, எவர் முதலில் பணிபுரிவது என்பவற்றை முறைப்படுத்தத் தலைமைச் சமையற்காரர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையெனின் அடுப்பிருந்தும் அரிசியிருந்தும் விருந்து நடவாது. கணினியினுள் அத்தகைய பொறுப்பை ஏற்றிருப்பதே இயங்குதளம். நினைவகத்தைப் பங்கிட்டு அளிப்பதும், கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதும், அச்சுப்பொறி, சுட்டி, திரை முதலிய கருவிகளை நடத்துவதும் அதன் தொழில். நாம் கடிதம் எழுதும் மென்பொருளும், இணையத்தைப் பார்க்கும் உலாவியும் அதன் ஆணைக்குட்பட்டே இயங்குகின்றன.

இப்பணியை விண்டோஸும் செய்கின்றது, லினக்ஸும் செய்கின்றது. இரண்டிலும் சாளரங்கள் திறக்கின்றன; படங்கள் தோன்றுகின்றன; பாடல்கள் ஒலிக்கின்றன. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? அது திரையில் இல்லை. திரைக்குப் பின்னே உள்ளது. அதனை அறிய அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அமெரிக்க நாட்டில் 1975ஆம் ஆண்டு பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் இரு நண்பர்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் கணினி ஆர்வலர்கள் மென்பொருளைத் தமக்குள் படியெடுத்துக் கொடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பில் கேட்ஸ் அவ்வார்வலர்களுக்கு வெளிப்படையான மடல் ஒன்று வரைந்தார். மென்பொருள் ஆக்குவது உழைப்பு மிக்க தொழில். உழைத்தோருக்கு ஊதியம் கிட்டாவிடின் நல்ல மென்பொருளை எவர் ஆக்குவர் என்பது அம்மடலின் கருத்து. உழைப்புக்கு விலை வேண்டும் என்னும் அக்கொள்கையே அந்நிறுவனத்தின் அடிக்கல்லாயிற்று. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினிக்கு அது டாஸ் என்னும் இயங்குதளத்தை வழங்கியது. 1985ஆம் ஆண்டு நவம்பரில் விண்டோஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, கணினி அறியாதாரும் கணினியைக் கையாளும் வண்ணம் எளிமையுற்றிருந்தமையால் உலகெங்கும் பரவியது. இன்றும் இல்லங்களிலுள்ள மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலானவற்றை விண்டோஸே ஆள்கின்றது.

இதற்கு மாறான கொள்கை ஓர் அச்சுப்பொறியிலிருந்து பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றிவந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. முன்பிருந்த பொறியில் அவ்வாறு நேர்ந்தபோது, அதனை உடனே பயனர்களுக்கு அறிவிக்குமாறு அவர் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதிய பொறியை அவ்வாறு திருத்த இயலவில்லை. அதன் மூல நிரல் அவருக்கு அளிக்கப்படவில்லை.

மூல நிரல் என்பது மென்பொருளை ஆக்குவோர் தம் கையால் எழுதும் கட்டளைத் தொகுதி. அதனைக் கற்றவர் படித்தறியலாம், மாற்றி எழுதலாம். கணினியில் ஓடுவதற்காக அது எண்வடிவாக மாற்றப்பட்ட பின்னரோ, அதன் உட்பொருளை உணர்வது மிக அரிது. சமைத்த பண்டத்தை நமக்கு அளித்துச் செய்முறையை மறைத்துக்கொள்வது போன்றது அது. உண்ணலாம், உப்பு மிகுந்திருந்தால் அடுத்த முறை குறைத்துச் சமைக்க நம்மால் இயலாது.

இந்நிலையை ஸ்டால்மன் ஏற்கவில்லை. மென்பொருளை எவரும் இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும், தாம் திருத்தியதையும் பகிரவும் உரிமை வேண்டும் என்றார். அவ்வுரிமைகளை உடைய முழுமையான இயங்குதளம் ஒன்றை ஆக்குவதாக 1983இல் அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயரிட்டார். துணைக்கருவிகள் பல உருவாயின. ஆயின் நடுவே இருந்து அனைத்தையும் இயக்க வேண்டிய உட்கரு மட்டும் நிறைவுறவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் ஒரு மாணவர். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டார்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு, தம் 21ஆம் அகவையில், தம் வீட்டுக் கணினிக்கென ஓர் உட்கருவை எழுதத் தொடங்கினார். தாம் பொழுதுபோக்காகவே அதனைச் செய்வதாக ஆகஸ்டுத் திங்களில் பிறர்க்குத் தெரிவித்தார். மறு ஆண்டிலேயே, ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ் அதனை வெளியிட்டார். அதுமுதல் பல நாட்டு வல்லுநர்கள் அதில் திருத்தமும் பெருக்கமும் செய்யலாயினர். லினக்ஸ் உட்கருவோடு குனுவின் கருவிகளும் பிறவும் சேர்ந்து முழுமையான இயங்குதளமாயின. அவ்வாறு தொகுத்து வழங்கப்படுபவற்றை வழங்கல்கள் என்பர். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் தோன்றிய உபுண்டு, 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியவை அவற்றுள் சில. நம் நாட்டில் சிடாக் என்னும் அரசு நிறுவனம் 2007இல் பாஸ் என்னும் வழங்கலை வெளியிட்டது.

ஆகவே, ஒன்று மூடிய கதவுடைய மனை. அதற்குப் பொறுப்பான உரிமையாளர் ஒருவர் உண்டு. மற்றொன்று திறந்த கதவுடைய மனை. அதற்குப் பொறுப்பேற்போர் பலர். இவ்விரு இயங்குதளங்களின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இவ்வொரு வேரிலிருந்தே கிளைத்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, விலை. விண்டோஸ் விற்பனைப் பொருள். கடையில் வாங்கும் கணினியில் அது முன்னரே அமைந்திருப்பின், அதற்குரிய தொகை கணினியின் விலையிலேயே அடங்கிவிடுகின்றது. அது தனியே கண்ணுக்குப் புலப்படாமையால், 'விலையின்றி வந்தது' என்று பலர் கருதுகின்றனர். அன்றி, உரிமம் பெறாத திருட்டுப் படியைப் பிறர் அமைத்துத் தருவதுமுண்டு. அது சட்டத்துக்கு மாறானது. நச்சுநிரல் நுழையவும் வழிவகுப்பது. லினக்ஸ் வழங்கல்களுள் இல்லத்துக்கு ஏற்றவை பலவும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை எத்தனை கணினிகளில் அமைப்பினும் குற்றமில்லை. நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுப்பினும் குற்றமில்லை.

இரண்டாவது, பயன்பாட்டு மென்பொருள்கள். இங்கு விண்டோஸின் கை ஓங்கியுள்ளது. வாங்குவோர் மிகுந்த சந்தையையே விற்போர் நாடுவர். ஆகவே, வணிக மென்பொருள்களை ஆக்குவோர் முதற்கண் விண்டோஸுக்கே ஆக்குகின்றனர். கணக்கர்கள் பயன்படுத்தும் டேலியும், ஒளிப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கென வெளியிடப்பட்டவை அல்ல. லினக்ஸில் லிப்ரே ஆபிஸ், கிம்ப் முதலிய மாற்று மென்பொருள்கள் உண்டு. பள்ளிக் கட்டுரை எழுதவும், கணக்கு அட்டவணை அமைக்கவும், படங்களைத் திருத்தவும் அவை போதுமானவை. ஆயின் விண்டோஸில் ஆக்கிய ஆவணம் ஒன்றை அவற்றில் திறக்கும்போது, வரிகளும் எழுத்துருக்களும் சில வேளைகளில் இடம் பெயர்ந்து தோன்றலாம். விளையாட்டுகளின் நிலையும் இத்தகையதே. விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட பல விளையாட்டுகளை லினக்ஸிலும் ஓட்டுதற்குரிய வழிகள் 2018க்குப் பின் பெரிதும் வளர்ந்துள்ளன. எனினும் இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில லினக்ஸில் இயங்குவதில்லை.

மூன்றாவது, கருவிகள். புதிய அச்சுப்பொறியையோ வருடியையோ வாங்கினால், அதனை விண்டோஸுடன் இணைப்பதற்குரிய மென்பொருளை அதன் உற்பத்தியாளரே தருகின்றார். லினக்ஸில் பல கருவிகள் இணைத்தவுடன் இயங்குகின்றன. சில முரண்டு பிடிக்கின்றன. உற்பத்தியாளர் தம் கருவியின் நுணுக்கங்களை வெளியிடாதபோது, லினக்ஸ் வல்லுநர்கள் தாமே ஆராய்ந்து வழிகாண வேண்டியுள்ளது. ஆகவே, லினக்ஸை விரும்புவோர் கருவியை வாங்குமுன் அது பொருந்துமா என்று கேட்டறிதல் நன்று.

நான்காவது, பாதுகாப்பு. 'லினக்ஸை எவரும் தாக்க இயலாது' என்று சிலர் கூறுவர், அது மிகை. 'யாவரும் பார்க்கக்கூடிய நிரல் எவ்வாறு பாதுகாப்பாகும்?' என்று வேறு சிலர் வினவுவர். அவர் ஐயமும் முழுதும் பொருந்தாது. இரண்டு நிகழ்ச்சிகள் உண்மையை உணர்த்தும். 2017ஆம் ஆண்டு மேத் திங்களில் 'வானாகிரை' என்னும் நச்சுநிரல் பல நாடுகளில் விண்டோஸ் கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் அதனால் இடர்ப்பட்டன. அது பயன்படுத்திய குறைபாட்டைத் தீர்க்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சுத் திங்களிலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளும், ஆதரவு முடிவுற்ற பழைய பதிப்புகளை உடைய கணினிகளும் தாக்குதலுக்கு இலக்காயின.

மற்றொரு நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நேர்ந்தது. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் இடம்பெறும் சிறு கருவி ஒன்றனுள், அதன் பராமரிப்பில் நெடுநாள் உதவிவந்தவராகத் தோன்றிய ஒருவர் தீய நிரலை ஒளித்து வைத்திருந்தார். ஆண்டிரஸ் பிராயண்டு என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினியில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்றார்; நிரலை ஆராய்ந்தார்; சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். அவர் மைக்ரோசாப்ட் நிறுவனத்திலேயே பணியாற்றியவர் என்பது கருதத்தக்கது. திறந்த கதவின்வழித் தீயோரும் நுழையலாம். அதே கதவின்வழிக் காவலரும் நுழைந்து தேடலாம். ஆகவே, எந்த இயங்குதளமாயினும் திருத்தங்களை உரிய காலத்தில் ஏற்பதே பாதுகாப்பின் முதற்படி.

ஐந்தாவது, ஆயுள். தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினா இங்கேதான் விடை பெறுகின்றது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், மைக்ரோசாப்ட் வகுத்த பட்டியலிலுள்ள செயலியையும், 4 ஜிகாபைட் நினைவகத்தையும், 64 ஜிகாபைட் சேமிப்பிடத்தையும் வேண்டியது. மறைக்குறிகளைக் காத்தற்கு இவை துணைபுரியும் என்பது அந்நிறுவனம் கூறும் காரணம். அக்காரணத்தில் பொருள் உண்டு. ஆயின், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகள் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே 2016இல் வாங்கிய நல்ல கணினியும் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. அத்தகைய கணினியில் லினக்ஸ் மின்ட் 22 இடர்ப்பாடின்றி இயங்கும். அது குறைந்த அளவாக வேண்டுவது 2 ஜிகாபைட் நினைவகமும் 20 ஜிகாபைட் சேமிப்பிடமுமே. 4 ஜிகாபைட் நினைவகம் இருப்பின் வசதியாகப் பணிபுரியலாம்.

லினக்ஸ் எல்லாக் கணினிகளையும் என்றென்றும் தாங்கும் என்று இதனால் கொள்ளலாகாது. லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் தம் உட்கருவை எழுதியது 386 என்னும் செயலிக்காக. அச்செயலிக்கான ஆதரவே 2012ஆம் ஆண்டின் இறுதியில் நீக்கப்பட்டது. வழங்கல்களின் பதிப்புகளுக்கும் காலவரை உண்டு. எனினும், ஒரு பதிப்பின் காலம் முடிந்தால் அடுத்த பதிப்பை விலையின்றி ஏற்கலாம். ஒரு வழங்கல் பழைய கணினியைக் கைவிட்டால், எளிய கணினிகளுக்கெனவே அமைந்த வேறொரு வழங்கலை நாடலாம். மூல நிரல் பலர் கையில் இருப்பதன் பயன் இதுவே. பயன்படக்கூடிய கணினியைக் குப்பையில் எறிவது பொருளிழப்பு மட்டுமன்று. அதிலுள்ள ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கும்.

தமிழைப் பொறுத்தவரை இரண்டும் நமக்கு உதவுகின்றன. ஒருங்குறியின் வரவால் இரண்டிலும் தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் இரண்டிலும் உண்டு. விண்டோஸின் தமிழ்ச் சொற்களை அந்நிறுவனம் அமைக்கின்றது. லினக்ஸின் திரைச்சொற்களையோ தமிழ் ஆர்வலர்களே ஊதியம் கருதாது மொழிபெயர்த்துள்ளனர். அதில் பிழையொன்று கண்டால் குறைகூறிவிட்டு நில்லாமல், நாமே திருத்தம் அனுப்பலாம்.

இவற்றையெல்லாம் கண்டபின், ஓர் இல்லத்துக்கு ஏற்றது எது என்னும் வினாவுக்கு ஒரே விடை கூறுதல் இயலாது என்பது புலனாகும். தந்தையார் டேலியில் கணக்கெழுதுபவராயின், அவ்வில்லத்துக்கு விண்டோஸ் வேண்டும். அண்ணன் இணையப் போட்டி விளையாட்டில் ஈடுபாடுடையவராயினும் அவ்வாறே. இணையத்தைப் பார்த்தல், மின்னஞ்சல் அனுப்புதல், கட்டுரை எழுதுதல், நிரல் எழுதப் பயிலுதல் ஆகியவையே ஒரு வீட்டின் தேவைகளாயின், லினக்ஸ் முற்றிலும் போதும். பழைய கணினி ஒன்று மூலையில் கிடக்குமாயின், அதற்கு மறுவாழ்வு அளிக்க லினக்ஸே தக்கது. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளுதலும் கூடும். தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இடம்பெற்றிருந்தன. அண்டை மாநிலமாகிய கேரளத்திலோ அரசுப் பள்ளி மாணவர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணினிக் கல்வி பெற்றுவருகின்றனர். ஆகவே அது வல்லுநர்க்கு மட்டுமே உரியது என்னும் அச்சம் வேண்டியதில்லை.

பிறர் சொற்கேட்டுத் தேர்வதினும் தாமே சோதித்தறிதல் சிறந்தது. லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதனையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒலி கேட்கின்றதா, இணையம் இணைகின்றதா, அச்சுப்பொறி அசைகின்றதா என்று காணலாம். மனநிறைவு ஏற்பட்ட பின்னரே வன்தட்டில் அமைக்கலாம். அவ்வாறு அமைக்குமுன், ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் கட்டாயம். கைதவறி அழிந்த கோப்பு திரும்பி வருதல் அரிது. வீட்டில் பெரியோர் பயன்படுத்தும் கணினியாயின், அவர்தம் இசைவு பெற்றே தொடங்குதல் வேண்டும்.

உழைத்து ஆக்கியவர் விலை கேட்பது முறையே. ஆக்கியதை உலகுக்கு வழங்குவது பெருமையே. இவ்விரு நெறிகளாலும் இன்று நாம் பயன் பெறுகின்றோம். ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உட்கருவும், 2017ஆம் ஆண்டின் இறுதி முதல் உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் இயங்குதளமும் லினக்ஸே. விண்டோஸைக் கையாளும் வீட்டினரும் அறியாமலேயே நாள்தோறும் லினக்ஸின் உதவியைப் பெறுகின்றனர். ஆகவே இரண்டனுள் ஒன்றைப் போற்றி மற்றொன்றை இகழ்தல் வேண்டா. நம் வீட்டுக் கணினியை ஆள்வது எது, அது யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகின்றது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை அறிந்து தேர்தல் வேண்டும். அறிந்து தேர்ந்தவன் கருவியை ஆள்வான். அறியாதவனைக் கருவியே ஆளும்.